விழிப்புநிலை மூளை ரணசிகிச்சையில் மொழிப் பரிசோதனை

மூளையிலுள்ள கட்டியையோ, வலிப்புக்கு மூலமான பகுதியையோ அகற்றுங்கால் நோயாளியின் பேச்சு பறிபோகாதிருக்கும்பொருட்டு, அவரை விழித்திருக்கச் செய்து, படங்களைக் காட்டிப் பெயர் வினவி, அதே கணத்தில் மூளைப் பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி ஆராய்வது இம்முறையாகும். தலைத்தோலை ஊசிமருந்தால் மரக்கச் செய்துவிட்டால், மூளைத் திசுவுக்கென வலியுணர்ச்சி இல்லாமையால், இது சாத்தியமாகிறது.

1861-இல் பாரிஸை அடுத்த பிசேத்தர் மருத்துவமனையில், 'டான்' என்ற அசையன்றி வேறொன்றும் சொல்ல இயலாதிருந்து இறந்த ஒருவரின் மூளையைச் சோதித்த பால் புரோக்கா, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே, சொற்பொருளை உணரும் ஸ்தானத்தை மேலும் பின்னே குறித்தார். இவையெல்லாம் பிரேதத்திடம் கற்ற பாடங்கள். உயிருள்ள மூளையிடமே கேட்டறியும் வித்தையை, பிரெஸ்லாவில் ஓட்ஃபிரிட் ஃபொர்ஸ்டரிடம் பயின்ற வைல்டர் பென்ஃபீல்டு, 1934-இல் திறக்கப்பட்ட மான்ட்ரியல் நரம்பியல் கழகத்தில் பூரணமாக்கினார். மின்முனை பட்டு விளைவு தோன்றிய இடந்தோறும் அவர் எண்ணிட்ட சிறு காகிதத் துண்டை வைப்பார். ஒருமுறை வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் கண்ட நோயாளி, பெயர் நாவில் வராமல் விரலைச் சொடுக்கித் தவித்து, மின்முனையை எடுத்தபின், அச்சொல் அகப்படாமையால் அந்துப்பூச்சி என்ற சொல்லையாவது தேடிப் பார்த்ததாகவும், அதுவும் கிட்டவில்லை என்றும் கூறினாராம். பொருள் அறிவில் நிற்க, சொல் மட்டும் மறைந்துபோகும் விந்தைக்கு இதனினும் தெளிவான சாட்சி அரிது.

சியாட்டிலில் ஜார்ஜ் ஓஜ்மன் 117 நோயாளிகளை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பின், மொழியின் ஸ்தானம் ஆளுக்காள் வேறுபடுவதென்பதும், பழைய நூல்களின் நிலையான வரைபடம் கத்திக்கு வழிகாட்டாதென்பதும் நிலைபெற்றன.

சிகிச்சைக்கு முதல்நாளே படங்களைக் காட்டி, நோயாளி தடையின்றிப் பெயர் சொல்லாதவற்றை நீக்கிவிடுவர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், 'இது ஒரு' என்னும் பொருள்படும் தொடரை முன்வைத்தே விடை கூறுமாறு பழக்குவர். தொடர் வெளிவந்து பெயர் மட்டும் நின்றால் சொல்மறதி எனவும், அனைத்தும் நின்றால் பேச்சுத் தடை எனவும் பகுத்தறிய இது உதவுகிறது. மின்னோட்டம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் அளவிலும், சில மில்லி ஆம்பியர் வலிவிலும் அமையும். ஓரிடத்தை அடுத்தடுத்துத் தூண்டாமல், இடைவிட்டு மும்முறையேனும் சோதிப்பது வழக்கம்.

அட்டைகளும் ஒளிப்பட வில்லைகளும் செய்த பணியை இப்போது டேப்லட் போன்ற கையடக்கக் கருவிகள் செய்கின்றன. ஒருக்களித்துப் படுத்தவரின் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பிடிக்கலாம், விடையையும் அதன் நேரத்தையும் பதியலாம். கருவியை ஏந்தி அருகிலிருப்பவர் பெரும்பாலும் நரம்பு உளவியலாளரோ பேச்சுப் பயிற்சியாளரோ ஆவார்.