கலை வரலாறு படிக்க ஜெர்மன் எதுக்கு?

அமெரிக்காவில் கலை வரலாற்றை மேஜராக எடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் வருடமே பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை: அறிமுகப் பாடம் ஒன்று, கூடவே ஒரு மொழி. பல சமயம் அது ஜெர்மன். இத்தாலிய ஓவியம் படிக்க ஜெர்மன் எதுக்கு?

இந்தத் துறை வளர்ந்ததே ஜெர்மன் மொழியில்தான். விங்கெல்மான் பண்டைக் கலையின் வரலாற்றை 1764-ல் வெளியிட்டார். பெர்லின் பல்கலைக்கழகம் 1844-ல் வாகனைக் கலை வரலாற்றுப் பேராசிரியராக்கியது. பிறகு 1933-ல் நாஜிகள் யூதப் பேராசிரியர்களை வெளியேற்றினார்கள். ஹாம்பர்கில் வேலை இழந்த பனோஃப்ஸ்கி, 1935-ல் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். ஆட்கள் வந்துட்டாங்க, அவங்க அதுவரை எழுதினதில் பெரும்பகுதி ஜெர்மனிலேயே இருந்துவிட்டது.

தென்னிந்தியக் கோயில்களில் ஆர்வமா? அப்போ பிரெஞ்சும் உதவும். பாண்டிச்சேரியில் வேலை பார்த்த ழுவோ துப்ரேய், 1914-ல் வந்த தன் நூலை பிரெஞ்சில்தான் எழுதினார்.

முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் இரண்டு அயல்மொழிகளில் வாசிக்கத் தெரிய வேண்டும். மறுமலர்ச்சி ஓவியப் பாடத்தை மூன்றாம் வருடம்கூட எடுத்துக்கலாம். மொழியை அப்படித் தள்ளிப்போட முடியாது. எங்க பாஷையில் சொன்னா அது டிபென்டென்சி: முதல்ல இன்ஸ்டால் பண்ணணும்.