புலிமுகச் சிலந்தியும் ஒல்லாந்தர் பேழையும்

லண்டனில் வாழும் என் தமக்கையின் மகன் அண்மையில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, நான் ஒரு சிலந்தி வளர்க்கிறன். எங்கட நாட்டுப் பக்கத்துச் சாதியாம். இதுக்குத் தமிழிலை என்ன பேர்?"

உள்ளங்கையளவு உடல், எங்கும் மயிர், மண்ணுக்குள் பொந்து என்று அவன் அடையாளம் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கிவிட்டது. "புலிமுகச் சிலந்தி எண்டு சொல்லுறது" என்றேன்.

"முகத்தைக் காட்டினாத்தானே மாமா! மூண்டு கிழமையா நான் பொந்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் மண்ணுக்குரிய உயிரொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வேடிக்கை பார்ப்பதா என்று கோபமே வந்தது. அந்தக் கோபத்தோடு பழைய வரலாற்றைப் புரட்டினேன்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். பெயர்கள் இங்கே வந்தன; பொருள்கள் அங்கே போயின. கீழைநாடுகளிலிருந்து கறுவாவும் பிறவும் ஏற்றிச் சென்ற கப்பல்களிலே பாம்பும் பூச்சியும் சிலந்தியுங்கூடப் பயணஞ் செய்தன. அம்ஸ்ரர்டாம் நகரின் மருந்து வணிகர் அல்பேர்ட்டஸ் சேபா மாலுமிகளிடம் இவற்றை வாங்கிச் சேர்த்தார். அவருடைய முதற் சேகரிப்பை 1716இல் ரஷ்ய மன்னன் மகா பீற்றர் விலைக்கு வாங்கினான். சேபா சளைக்காமல் மீண்டும் சேர்த்து, அவற்றைப் படங்களோடு நூலாக்கினார். 1734இல் வெளிவந்த அதன் முதற்றொகுதியிலே இலங்கையின் பெருஞ்சிலந்தி ஒன்றும் இடம்பெற்றது. பின்னர் 1804இல், இலங்கையில் மரப்பொந்துகளில் வாழும் வரிச்சிலந்திக்குப் பிரான்சிய அறிஞர் லத்ரேய் அறிவியற் பெயரிட்டார்.

நம் இலக்கியம் சிலந்தியை அறியாததன்று. சிலம்பி என்பது அதன் பழைய பெயர். திருவானைக்காவிலே வெண்ணாவல் மரத்தடியில் இறைவன்மேல் சருகு விழாதபடி வலைப்பந்தர் இட்ட சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனானதைச் சேக்கிழார் பாடினார். ஆனால் அது வலை பின்னி வெளியே தெரியும் சிலந்தி. பொந்துக்குள் மறையும் சிலந்திக்கு நாம் கொடுத்தது புலிமுகம் என்ற அச்சப் பெயர் மட்டுமே.

பெயரோடு நின்றோமா? இங்கேதான் என் கோபம் என்மேலேயே திரும்பியது. 1990இல் போரினால் வேலணையை விட்டு இடம்பெயர்வதற்குச் சில மாதங்களுக்கு முன், எனக்குப் பத்து வயது. அம்மம்மாவின் வளவிலே, கிணற்றடிக்கு அப்பால், விளிம்பிலே வெள்ளை நூல் படிந்த பொந்தொன்றைக் கண்டோம். நானும் ஒன்றுவிட்ட அண்ணனும் மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தோம். அம்மம்மா ஏசுவா என்று பயந்திருந்தோம். அவவோ "நல்ல வேலை செய்தியள்" என்றா. கொன்றவன் நான், வளர்ப்பவன் அவன். அவனை நான் எந்த வாயால் கண்டிப்பது?

ஆகவே மறுபடி அழைத்து, எப்படி வளர்க்கிறாய் என்று கேட்டேன். ஆழமாக மண் நிரப்பி, மேல்மண் காய்ந்தும் அடிமண் ஈரமாகவும் இருக்கவேண்டுமாம். சில நாளுக்கொருமுறை ஒரு பூச்சி போதும். பெண் சிலந்தி பல ஆண்டுகள் வாழும். ஆண் பருவமடைந்தபின் நெடுநாள் இருப்பதில்லை. தோல் கழற்றும்போது மல்லாந்து கிடக்கும், செத்ததென்று தொட்டுவிடக்கூடாது. இத்தகைய சிலந்தியை வைத்திருப்போர் தாம் வளர்ப்பது சிலந்தியையன்று, ஒரு பொந்தையே என்று தம்மைத் தாமே கேலி செய்வார்களாம்.

அக்கேலியிலே ஓர் உண்மை இருக்கிறது. மறைந்திருப்பதே வாழ்வாகக் கொண்ட உயிரை விலைகொடுத்து வாங்கலாம். அதன் ஒளிவை வாங்க முடியாது. சேபாவின் சாராயப் போத்தலில் இருந்தது உடல் மாத்திரமே. பொந்தையும், இரவையும், காலடி அதிர்ந்தால் உள்ளே பின்வாங்கும் அந்த எச்சரிக்கையையும் அவர் பெறவில்லை.

அவற்றைப் பெற்றவர் ஒருவர் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவில் பார்பரா யோர்க் மெயின் என்ற அறிஞர், பொந்துக்குக் கதவு செய்து வாழும் சிலந்திகளை 1974 முதல் ஆராய்ந்தார். எதையும் பெட்டியில் அடைக்கவில்லை. பொந்தருகே இலக்கமிட்ட முளையடித்து, ஆண்டுதோறும் போய்ப் பார்த்துவந்தார். அவற்றுள் 16ஆம் இலக்கச் சிலந்தி 43 வயதுவரை ஒரே பொந்தில் வாழ்ந்து, 2016இல் குளவியால் மாண்டது. அதுவரை அறியப்பட்ட சிலந்திகளுள் மிக நீண்ட ஆயுள் அதுவே. ஒரு முளையும் பொறுமையும் தந்த அறிவு இது.

நம் மரப்பொந்துச் சிலந்திகளை வெளிநாட்டு வளர்ப்பாளர் அவற்றின் அழகுக்காக விரும்பி வாங்குகின்றனர். காடழிவோடு இவ்வணிகமும் அவற்றுக்குக் கேடானது. 2019இல் ஜெனிவாவில் நடந்த மாநாட்டிலே இச்சிலந்திக் குலம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. அதனால் மருமகனிடம் ஒன்றே கேட்டேன்: "காட்டிலை பிடிச்சதை ஒருநாளும் வாங்காதை ராசா." "இது இங்கை பிறந்தது மாமா, என்னைப் போலை" என்றான். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

நேயர்களே, இச்சிலந்தி கடித்தால் கடுமையாக நோகும். மரப்பொந்துச் சிலந்தியின் கடியால் நாட்கணக்கில் தசைப்பிடிப்பும் வரலாம். பொந்துக்குள் கைவிடாதீர்கள், கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் தீவகத்து வளவொன்றிலே நூல் படிந்த பொந்தைக் கண்டால் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடவும் வேண்டாம். சற்றுத் தள்ளி ஒரு தடியை நட்டுவிட்டு, அடுத்த ஆண்டும் போய்ப் பாருங்கள். நாம் இல்லாத காலத்திலும் அந்த வளவுகளை விட்டுப் போகாமல் இருந்த உயிர்களுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.