புயமும் கரமும்: என்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் தனிப்பட்ட மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. புயவென்பின் மேற்பகுதியில் தோன்றும் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையின் வளர்ச்சி இந்நோக்கின் போதாமையைப் புலப்படுத்துகின்றது என நாம் கருதுகின்றோம்.

1887 ஆம் ஆண்டில் பிரான்சிய வைத்தியர் போல் பேர்ஜே, கையைத் தோட்பட்டை என்புடன் சேர்த்து முற்றாக அகற்றும் முறையை விரிவாக வகுத்துரைத்தார். அதுவோ, தோள்மூட்டில் கையைத் துண்டித்தலோதான் நெடுங்காலம் வழமையாக இருந்தது. ஆயின், 1928 இலேயே மாற்றுவழியொன்று முன்வைக்கப்பட்டது. ருஷ்ய வைத்தியர் போரிஸ் லின்பேர்க் தோள்மூட்டுப் பகுதிக் கட்டிகளுக்காக விவரித்த அம்முறை, திக்கோவின் பெயரையும் இணைத்து இன்றும் வழங்குகின்றது. தோட்பட்டை என்பு, காறையென்பின் ஒரு பகுதி, புயவென்பின் மேற்பகுதி ஆகியன அகற்றப்பட்டன. கைக்குச் செல்லும் பெருங்குருதிக்கலன்களும் நரம்புகளும் பேணப்பட்டன. தோள் உயரும் ஆற்றலை இழந்தது. ஆனால் எழுதவும் தைக்கவும் கருவியைப் பற்றவும் வல்ல கரம் எஞ்சியது. உழைத்து வாழ்பவருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

அவ்வாறாயின், உறுப்பைக் காக்கும் சிகிச்சை பரவலாவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது ஏன்? விடை சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே உள்ளது. என்புச் சார்க்கோமா கண்டவருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர், உறுப்பு அகற்றப்பட்ட பின்னரும், சுவாசப்பைகளில் முன்னரே பரவியிருந்த நோயினால் இறந்தனர். உறுப்பை இழந்தும் உயிர் மிஞ்சாத நிலையில், உறுப்பைக் காத்தல் பற்றிய வினா வலுப்பெறவில்லை. 1970களில் மெதோட்ரெக்சேற், அட்ரியாமைசின் ஆகிய மருந்துகள் இந்நிலையை மாற்றின. நியூயோர்க்கில் ரோசன், மார்க்கோவ் ஆகியோர், நோயாளிக்கெனத் தனியாக உலோக உறுப்புச் செய்யப்படும் காலத்திலேயே மருந்தேற்றினர். காத்திருத்தலே சிகிச்சையின் ஒரு படியாயிற்று. 1986 இல் வெளியான ஒப்பீட்டாய்வொன்றில், இரண்டாண்டுகள் நோய் மீளாதிருந்தோர் சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவருள் 17 சதவீதத்தினர். மருந்தும் பெற்றவருள் 66 சதவீதத்தினர். கணினிவழிப் படமாக்கம் கட்டியின் எல்லையைத் தெளிவாக்கிற்று. அகற்றிய என்பின் இடத்தை உலோகமும், இறந்தோரின் கொடை என்பும், நோயாளியின் கீழ்க்காலிலிருந்து எடுத்த மெல்லிய என்பும் நிரப்பலாயின.

எனவே, கரத்தைக் காத்தது ஒருவரின் கைத்திறன் மாத்திரமன்று; இரசாயனவியலாளர், உலோகத் தொழிலாளர், பௌதிகவியலாளர் எனப் பலரது கூட்டுழைப்பு. சமூக உழைப்பால் விளைந்த இப்பயன் சமூகம் முழுவதற்கும் சென்றடையவில்லை. நோய் காலந்தாழ்த்தி அறியப்படும் இடங்களிலும், மருந்தும் உலோக உறுப்பும் எட்டாத வறுமையிலும், 1887 ஆம் ஆண்டின் தீர்வே இன்றும் எஞ்சுகின்றது. எனவே எஞ்சியுள்ள பிரச்சினையை மருத்துவ நுட்பத்தின் பிரச்சினையாக மட்டும் நாம் கொள்ளலாகாது. அது பங்கீட்டின் பிரச்சினையுமாகும்.