லேப் சாவி யார் கையில்? வீட்டிலிருந்து கல்லூரிக் கணிப்பொறி: ஒரு சிறு வரலாறு

இன்று நம் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ, தட்டாஞ்சாவடியில் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடியே செல்போனில் கல்லூரி மின்னஞ்சலைத் திறக்கிறார். இன்டர்னல் மார்க் பார்க்கிறார். ஓர் ஆய்விதழ்க் கட்டுரையைத் தரவிறக்கிக் கொள்கிறார். 'இதில் என்ன சார் அதிசயம்?' என்று அவர் கேட்கலாம். 2011-இல் படிப்பை முடித்து வெளியே வந்த எங்கள் செட்டைக் கேட்டுப் பாருங்கள். அதிசயமேதான்!

எங்கள் காலத்தில் லேப் என்பது நாலரை மணிக்குப் பூட்டப்படும் ஓர் அறை. "சிஸ்டத்தை ஆஃப் பண்ணுங்கப்பா, பஸ் கெளம்பிடும்" என்று லேப் அண்ணன் குரல் கொடுப்பார். ஹாஸ்டல் நண்பர்கள் சார் தயவில் சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ்ஸைப் பிடித்துத் தட்டாஞ்சாவடிக்கும் முத்தியால்பேட்டைக்கும் திரும்ப வேண்டிய டே ஸ்காலர்களுக்கு அதோடு சரி. தொழிற்பேட்டையில் வேலை பார்த்த அப்பாக்கள் தவணையில் வாங்கிக் கொடுத்த கணிப்பொறி எங்களில் சிலர் வீட்டில் இருந்தது. அது லேப் கணிப்பொறியைவிடப் புதியதாகக்கூட இருந்தது. ஆனால் லேப்பில் இருந்த மென்பொருள் அதில் இல்லை, லேப்பில் திறந்த ஆய்விதழ் அதில் திறக்காது. பென் டிரைவில் எடுத்துப் போனதும் பாதி நாள் வைரஸோடுதான் வீடு வந்து சேர்ந்தது!

மெஷின் ஒன்றுதான், மாணவனும் ஒருவன்தான். அப்படியிருக்க லேப்பில் திறக்கும் கதவு வீட்டில் ஏன் திறக்கவில்லை? கல்லூரி தன் மாணவனை அவன் நிற்கும் இடத்தை வைத்து அறிகிறதா, ஆளை வைத்து அறிகிறதா என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதன் கதை அறுபது வருடத்துக்கு மேல் பழையது.

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி என்று ஒன்று. அங்கே ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்று இரண்டு கணிதப் பேராசிரியர்கள். கெமெனி இளைஞராக இருந்தபோது ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். கணிப்பொறியைப் பொறியியல் மாணவர்கள் மட்டுமல்லாமல் இலக்கியம் படிக்கிறவர்களும் தொட வேண்டும் என்பது இருவரின் பிடிவாதம். நூலகத்தில் அலமாரி திறந்திருப்பதுபோல, காரணம் கேட்காமல், காசு கேட்காமல் கணிப்பொறியும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். 1964 மே 1 அன்று விடியற்காலை நாலு மணிக்கு, இரண்டு தட்டச்சு முனையங்களிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு 'பேசிக்' நிரல்கள் ஓடி விடை தந்தன. நேரப்பகிர்வு என்பது இதுதான். ஒரு பெரிய கணிப்பொறி ஒவ்வொருவருக்கும் ஒரு நொடியின் சிறு துண்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் ஓடும். உட்கார்ந்திருப்பவருக்கோ மெஷின் முழுவதும் தனக்கே என்று தோன்றும். அந்த அமைப்பின் மென்பொருளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் பட்டப்படிப்பு மாணவர்கள் என்பதை நம் தம்பிகள் கவனிக்க வேண்டும்!

முனையம் என்றால் திரை கிடையாது. டெலிடைப் என்னும் தந்தி அச்சுப்பொறிதான், நொடிக்குப் பத்து எழுத்து வேகம். தொலைபேசிக் கம்பி போகும் இடமெல்லாம் அது போகும். சீக்கிரமே விடுதிகளுக்கும், பிறகு ஊரிலுள்ள பள்ளிகளுக்கும் அது போனது. கல்லூரிக் கணிப்பொறி கல்லூரிச் சுவரைத் தாண்டியது அப்போதுதான்.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மன் உதவியோடு ஐ.பி.எம். 370/155 வந்தது. இவற்றைப் பயன்படுத்த ஆள் நேரில் போக வேண்டும், அல்லது அவருடைய அட்டைக்கட்டு போக வேண்டும். ஓர் அட்டையில் 80 எழுத்து. அட்டைகளை வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, ஜன்னலில் நீட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இதற்கு நடுவில் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மட்டும் 1970-களின் தொடக்கத்திலேயே ஹெச்.பி. நிறுவனத்தின் நேரப்பகிர்வு அமைப்பு ஓடியது. அங்கே சிஸ்டம்ஸ் புரோகிராமராக இருந்த இளைஞர், பின்னாளில் இன்ஃபோசிஸ் நிறுவிய என்.ஆர்.நாராயண மூர்த்தி.

பாண்டிக்காரன் எழுதும்போது பிரெஞ்சுக்காரர்களை விட்டுவிட முடியுமா? 1980-களில் பிரான்ஸ் நாட்டுத் தொலைபேசித் துறை, 'மினிடெல்' என்ற சிறு முனையத்தை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. பள்ளி இறுதித் தேர்வான 'பக்கலோரேயா' முடிவை அங்கத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே அதில் பார்த்தார்கள். 2012 ஜூன் 30 வரை அது ஓடியது. பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து 1954 நவம்பர் 1 அன்றே விலகிவிட்டதால் மினிடெல் நம் ஊருக்கு வரவில்லை! நாம் ரிசல்ட் பார்த்தது பிரவுசிங் சென்டர் வாசலில் வரிசையில் நின்றுதான்.

1986-இல் மத்திய மின்னணுவியல் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 'எர்நெட்' என்ற கல்வி ஆய்வு வலையமைப்பைத் தொடங்கின. ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி., பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், அத்துறை என்று எட்டு இடங்கள் மட்டுமே. ஒரு கணிப்பொறி இன்னொன்றுக்கு டெலிபோன் போட்டுக் கடிதங்களை மூட்டையாகக் கொடுத்துவிட்டு லைனைத் துண்டித்துக்கொள்ளும். ஏறக்குறைய தபால் ரயில் மாதிரிதான். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல், விதேஷ் சஞ்சார் நிகாம் மூலம், அதுவும் முதலில் பெருநகரங்களில்தான். மாணவர்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் 'ஷெல்' கணக்கு கொடுத்தார்கள். படம் கிடையாது, எழுத்து மட்டும். மோடத்தின் கீச்சொலி அடங்கினால் உள்ளே போய்விட்டோம் என்று அர்த்தம்!

தூரத்திலிருந்து உள்ளே போக முடிந்ததும் திருடர்களும் வந்துவிட்டார்கள். அதுவரை புழக்கத்தில் இருந்த 'டெல்நெட்' முறையில் கடவுச்சொல் திறந்த தபால் அட்டை மாதிரி கம்பியில் போகும். நடுவில் ஒட்டுக்கேட்பவன் படித்துக்கொள்ளலாம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அப்படித்தான் கடவுச்சொற்கள் களவு போயின. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து இலோனன் என்பவர், இனி இது நடக்கக் கூடாதென்று ஒரு நிரலை எழுதி அந்த ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அதுதான் 'எஸ்.எஸ்.ஹெச்.' இரு முனைகளும் முன்பின் பேசிக்கொள்ளாமலே, ஊரறியப் பரிமாறிக்கொள்ளும் எண்களிலிருந்து ஒரு ரகசியச் சாவியைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் கணிதம் அதனுள் இருக்கிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் இருபதாயிரம் பேர் பயன்படுத்தினார்கள். இன்று உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவற்றை நிர்வகிப்பது இதன் வழியாகத்தான். ஒரு கல்லூரி வலையமைப்பில் நடந்த திருட்டு உலகத்துக்குப் பூட்டு செய்து கொடுத்தது என்றால் மிகையாகாது.

ஆக, ஆளை அறியும் பூட்டு 1995-லேயே தயார். அப்படியானால் 2009-இல் தட்டாஞ்சாவடி வீட்டில் எனக்கு ஆய்விதழ் ஏன் திறக்கவில்லை? காரணம் ஒப்பந்தம். 2003-இல் மனிதவள அமைச்சகம் தொடங்கிய 'இன்டெஸ்ட்' கூட்டமைப்பு மூலமாகப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆய்விதழ்கள் கிடைத்தன. பதிப்பகத்தின் கணிப்பொறி பார்த்ததோ கல்லூரியின் ஐ.பி. எண்ணை மட்டுமே. அந்த எண்ணிலிருந்து யார் கேட்டாலும் கதவு திறக்கும், வாட்ச்மேன் கேட்டாலும் திறக்கும். வீட்டு பிராட்பேண்டிலிருந்து பேராசிரியரே கேட்டாலும் திறக்காது!

இதற்கு மருந்தும் இருந்தது. அரிசோனாவில் ஒரு சமுதாயக் கல்லூரி நூலகர், கிறிஸ் ஜகார் என்பவர், 1999-லேயே 'இஸிபிராக்ஸி' என்ற நிரலை எழுதியிருந்தார். மாணவர் வீட்டிலிருந்து முதலில் கல்லூரி சர்வரிடம் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்வார். சர்வர் அவருக்காகத் தன் எண்ணைக் காட்டிப் பதிப்பகத்திடம் வாங்கிக் கொடுக்கும். மாமா பெயரைச் சொல்லி ரேஷன் வாங்குவது போலத்தான், ஆனால் சட்டப்படி! நம் நாட்டில் 2010-இல் இன்ஃபிளிப்நெட் மையம் தொடங்கிய 'என்-லிஸ்ட்' திட்டம் இன்னும் நேரடியானது. ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், எங்கிருந்தும் நுழையலாம். கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைத்தது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கான அத்திட்டத்தில் பொறியியலைச் சேர்க்கவில்லை. எங்களுக்கு வயிற்றெரிச்சல்தான்.

மென்பொருளும் இதே கதைதான். 'மேட்லேப்' என்பதே, ஃபோர்ட்ரான் தெரியாத மாணவர்களும் அணிக்கணக்குப் போடட்டும் என்று, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் 1970-களின் கடைசியில் எழுதிய பாட உபகரணம். பிறகு அது வணிகப் பொருளாகி, உரிமம் லேப் மெஷினோடு கட்டப்பட்டது. இதற்கு மாற்றாக பிரான்ஸ் நாட்டு 'இன்ரியா' நிறுவனத்தில் பிறந்த 'சைலேப்' இலவசமாகக் கிடைத்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஃபாசீ' திட்டம் அதை ஊரெங்கும் பரப்பியது. அவர்களுடைய 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. என் ஃபைனல் இயர் புராஜெக்ட் பாதி வீட்டில் முடிந்தது சைலேப் புண்ணியத்தில்தான்.

கம்பியில்லா வலைக்கும் ஒரு நல்ல வழி உண்டு. 2002-இல் நெதர்லாந்தில் கிளாஸ் வீரெங்கா முன்வைத்த 'எடுரோம்' முறையில், நம் மாணவர் வேறொரு கல்லூரி வளாகத்தில் நின்றாலும், அங்குள்ள கருவி அவரைச் சோதிக்காமல் 'இவர் உங்கள் பிள்ளையா?' என்று நம் கல்லூரியைக் கேட்கும். ஆம் என்றால் திறக்கும். கடவுச்சொல்லை அந்தக் கல்லூரி பார்ப்பதேயில்லை. இந்தியாவில் இதை நடத்துவது அதே எர்நெட்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாக் கல்லூரியும் ஒரே வாரத்தில் டே ஸ்காலர் கல்லூரி ஆகிவிட்டது. அப்போது வேறொரு குறை தெரிந்தது. பலர் வீட்டில் இருந்தது செல்போன் மட்டும், அதையும் தம்பியோடு பங்குபோட வேண்டும். கைவிரல் அளவுத் திரையில் சி புரோகிராம் அடித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு விடை டார்ட்மத்திலேயே இருக்கிறது. டெலிடைப்புக்குச் சொந்த மூளை கிடையாது, கணக்கெல்லாம் கல்லூரியில் நடந்தது. 2015-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் தரவு அறிவியல் பாடத்தை 'ஜூபிட்டர்ஹப்' என்ற இலவச மென்பொருளில் நடத்தியதும் அதே வழியில்தான். நிரல் ஓடுவது சர்வரில், மாணவர் கையில் பிரவுசர் இருந்தால் போதும். விலை குறைந்த போனும் விலை உயர்ந்த லேப்டாப்பும் அங்கே சமம். லேப்புக்கு இருபது புது மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு நல்ல சர்வர் வாங்குவதைத் துறைத்தலைவர்கள் யோசிக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இனி பழைய மாணவர்களாகிய நம் பாடு. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு நடப்புக்கு வந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மாணவர், ஆசிரியர், ஆராய்ச்சியாளருக்கு உண்டு. தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் செட் நண்பருக்கு இல்லை. அவருக்கு உலோகச் சோர்வு பற்றி ஒரு கட்டுரை வேண்டுமானால் முப்பது டாலருக்கு மேல் கட்ட வேண்டும். மின்னஞ்சலும் அப்படித்தான். கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த அளவில்லாத சேமிப்பிடத்தை நிறுத்துவதாக 2021-இல் கூகுள் அறிவித்தது. 2022 ஜூலையிலிருந்து நிறுவனம் ஒன்றுக்கு மொத்தம் 100 டெராபைட்தான் அடிப்படை என்றதும், உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்கள் முதலில் கை வைத்தது பழைய மாணவர் கணக்குகளில்தான். கல்லூரி ஆளை அறியக் கற்றுக்கொண்டது, சரி. நாலு வருடம் முடிந்ததும் அந்த ஆளை மறந்துவிடுகிறது!

வேடிக்கை என்னவென்றால், எங்களை அன்று வெளியே நிறுத்திய அந்த இட வழக்கமே இப்போது நமக்கு உதவும். பல ஆய்விதழ் ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணிப்பொறியில் படிப்பவருக்கும் அனுமதி உண்டு. நம் நூலகத்தின் ஒப்பந்தங்களில் அந்த வாசகம் எவற்றில் இருக்கிறது என்று பார்த்து, சனிக்கிழமைகளில் இரண்டு மெஷின்களைப் பழைய மாணவர்களுக்கு ஒதுக்கலாம். மின்னஞ்சலுக்கும் வழி உண்டு. கடிதத்தைச் சேமிக்காமல் நம் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடும் ஆயுட்கால முகவரிக்கு இடமே தேவையில்லை, செலவும் சொற்பம். இவ்விரண்டையும் பொதுக்குழுவின் பொருள் நிரலில் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பொருள் வருகிறது, நண்பர்கள் பந்திக்கு ஓடிவிடாமல் உட்கார்ந்து கை தூக்க வேண்டும்.