சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர்: தாழ்ச்சி பற்றிச் சில குறிப்புகள்

கத்தோலிக்க ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு. முதலாவது அகங்காரம். அதற்கு எதிரான புண்ணியத்துக்கு நம்ம ஊர் கத்தோலிக்கர் வைத்திருக்கும் பெயர் தாழ்ச்சி. புராட்டஸ்டண்டுகள் மனத்தாழ்மை என்பார்கள். பெரிய வியாழன் அன்று சாமியார் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவது இந்தப் புண்ணியத்தைக் கண்ணுக்குக் காட்டத்தான்.

தாழ்ச்சி, தாழ்மை, தாழ்த்தப்பட்ட, தாழ்ந்த சாதி. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒருத்தர் தானாகக் குனிவதற்கும், அடுத்தவர் அவரைக் கீழே அமுக்குவதற்கும் தமிழில் ஒரே வேர்ச்சொல். இந்தச் சிக்கல் வெறும் அகராதிச் சிக்கல் இல்லை என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு சாட்சி இருக்கு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு.

மிஷன் வீதியில் இருக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சம்பா கோவில் என்றுதான் சொல்வார்கள். சேசு சபையாரின் சேன் பவுல் கோவில் என்பது நாக்கில் உருண்டு சம்பா ஆகிவிட்டது. இப்போது நாம் பார்ப்பது 1791-ல் கட்டி முடித்த கட்டடம். பிள்ளை காலத்துக் கோவிலை 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் ஊரோடு சேர்த்து இடித்துவிட்டார்கள்.

அந்தப் பழைய கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. வடபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள், வெள்ளைக்காரர்கள். பூசை ஒன்று, பீடம் ஒன்று, நடுவில் மட்டும் சுவர். 1745 அக்டோபரில் காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைப் பார்த்துவிட்டு, இது அடுக்காது என்று அந்த மக்களிடம் சொல்லியிருக்கிறார். பெரிய பறைச்சேரி ஆட்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்கள் உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா, கடவுள் பேதம் பார்க்காதபோது நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள் என்ற தோரணையில் கேட்டார்கள். பிள்ளை இதை எழுதுகிற விதத்தைக் கவனியுங்க: அவர்கள் கெஞ்சவில்லை, வாதாடுகிறார்கள். பெரிய சாமியாருக்குப் பதில் சொல்ல வழியில்லை. நீங்கள் சொல்வது நியாயம் என்று சொல்லிச் சுவரை அங்கேயே இடிக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி. அன்று தாழ்ச்சி காட்டியது யார்? தன் ஏற்பாடு தப்பு என்று சேரி மக்கள் சொன்னதும் ஒத்துக்கொண்ட பாதிரியாரா? அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் அதே குறிப்பு கொஞ்சம் தள்ளிப் போய் வேறொன்று சொல்கிறது. சுவர் போன பிறகு எல்லாரும் கலந்து நின்ற பூசைக்குத் தலைமை துபாஷ் கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி மெல்லிய மஸ்லின் சேலை, நகை, வாசனைத் திரவியம் சகிதமாக வந்திருக்கிறாள். பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த பிரம்பால் அவள் கொண்டையைக் குத்தி, நீ குடும்பப் பெண்ணா தாசியா என்று எல்லார் முன்னாடியும் கேட்டு வெளியே அனுப்பிவிட்டார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். விவகாரம் கவர்னர் துய்ப்ளே வரை போனது. அவர் கும்பல் கூடினால் பிடித்து உள்ளே போடுவேன் என்ற ரீதியில் முடித்து வைத்தார். சேரி மக்கள் முன்னால் வளைந்த அதே தரப்பு, ஒரு பெண் முன்னால் பிரம்பைத் தூக்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளை நடுநிலைச் சாட்சி கிடையாது. கனகராய முதலியாரின் பதவி மேல் அவருக்குக் கண் இருந்தது. முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார், அடுத்த வருஷம் பதவி பிள்ளை கைக்கு வந்தது. அந்தப் பதவிக்கே ஒரு கசப்பான முன்கதை உண்டு: 1716-ல் இந்துவான நைனியப்பர் கைதாகி, சிறையிலேயே இறந்து, கிறிஸ்தவர் என்பதற்காக முதலியார் அதில் உட்கார்ந்தார். ஆகவே கிறிஸ்தவர்கள் அடித்துக்கொள்வதை எழுதும்போது பிள்ளை கொஞ்சம் ரசித்துத்தான் எழுதியிருப்பார் என்பது என் ஊகம்.

ஏன் 1745? நாற்பது வருஷமாகப் புகைந்தது அது. ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரையில் ஆரம்பித்த வழியில், சேசு சபையார் உயர்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பிரித்து வைத்திருந்தார்கள். போப்பின் தூதர் துர்னோன் 1703-ல் புதுச்சேரியில் வந்து இறங்கி, 1704-ல் இங்கிருந்தே ஒரு ஆணை போட்டார். அதில் ஒரு அம்சம்: நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது. யோசித்துப் பாருங்க, சாகக் கிடப்பவர் குடிசைக்குள் நுழைய ஒரு ஆணை தேவைப்பட்டிருக்கிறது! 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் கடைசித் தீர்ப்பாக ஒரு சாசனம் வெளியிட்டார். அதிலும் சேரிகளுக்கென்று தனிக் குருக்களை ஏற்படுத்தும் யோசனையை ஏற்றுக்கொண்டார். சேரிக்குப் போகிறவர் மறுபடி அக்ரகாரத்துக்கும் வேளாளர் தெருவுக்கும் போக முடியாதே என்ற கணக்கு. குனிவதற்கென்று தனியாக ஒரு பிரிவையே நியமித்த மாதிரி. எனக்கு இது சிரிப்பும் கோபமும் ஒன்றாக வரவைக்கிற ஏற்பாடு.

சுவர் இடிந்த அதே 1745-ன் கடைசியில் கனகராய முதலியார், இறந்துபோன மகன் நினைவாக உழவர்கரையில் கட்டிய அந்திரேயர் கோவிலைத் திறந்து ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். ரெட்டியார்பாளையத்தில் அந்தக் கோவில் இன்றும் உண்டு. அவரவர் சாதி வழக்கப்படி தனித்தனியே சமையல், பந்தி. கிறிஸ்தவர் கோவில் விசேஷத்தில் இந்து முறைப்படி சாப்பாடா என்று பிள்ளையே குறித்து வைக்கிறார்.

இன்னொரு விஷயத்தையும் விட்டுவிட முடியாது. சம்பா கோவிலை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோவில் இருந்தது. 1748 செப்டம்பரில் பாஸ்கவன் தலைமையில் இங்கிலீஷ் படை புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயம் பார்த்து அதை இடித்தார்கள். சம்பா கோவில் தலைமைப் பாதிரியார் கேர்தூ கருவறையைக் காலால் உதைத்தார் என்று பிள்ளை வேதனையோடு எழுதுகிறார். சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் மூன்றுக்கும் உறவு உண்டென்று 1767-லேயே பாரிசுக்கு எழுதிய அதே கேர்தூதான்! மூன்று வருஷ இடைவெளியில் ஒரே வளாகத்து ஆட்கள் இடித்த இரண்டு சுவர்கள். முதலாவதை இடிக்கச் சொன்னவர் எதிரில் நின்றவர்களுக்குக் காது கொடுத்தார். இரண்டாவது சமயத்தில் யாருக்கும் காது கொடுக்கவில்லை. தாழ்ச்சிக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்; பாதம் கழுவுகிற சடங்கு அடுத்தபடிதான்.

வடக்கன்குளம் கோவிலின் சாதிப் பிரிவுச் சுவர் 1910-ல் இடிக்கப்பட்டு, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது தனிக்கதை. அதைப் பிறகு எழுதுகிறேன். புதுவைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது எறையூர், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து ஊர். அங்கே ஜெபமாலை மாதா கோவிலில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதல் 2008 மார்ச் 9 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இரண்டு பேர் செத்துப்போனார்கள். அதற்கு முன்பே தலித் மக்கள் சகாயமாதாவுக்குச் சொந்தமாக ஒரு கோவில் கட்டியிருந்தார்கள். அதைத் தனிப்பங்காக அங்கீகரியுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

1745-ல் அவர்கள் கேட்டது சுவரை எடுங்கள் என்று. 2008-ல் கேட்டது எங்களுக்குத் தனியாகக் கொடுங்கள் என்று. நடுவில் 263 வருஷம்.