நீரை நீரால் வென்ற மலைநாடு



நிலத்தை அகழ்வோனுக்கு முதற்பகை நீர். வெள்ளியையோ ஈயத்தையோ தேடி ஆழச் செல்லுந்தோறும் பாறை வெடிப்புகளினின்று ஊற்றுப் பெருகிச் சுரங்கத்தை மூழ்கடிக்கும். நீராவிப்பொறி தோன்றுமுன், அந்நீரை இறைத்தற்கு மனிதனின் தோள்வலியும் விலங்கின் வலியும் ஓரளவிற்கே பயன்பட்டன. ஜேர்மனியிலுள்ள ஹார்ட்ஸ் மலைநாட்டார், பகையாகிய நீரை வெல்ல நீரையே படையாகத் திரட்டிய வரலாற்றை இன்று நோக்குவோம்.

இடைக்காலத்தில் வால்கென்ரீட் மடத்துத் துறவிகள் இம்மலையில் சுரங்கத்தொழிலையும் நீர்ப்பணியையும் வளர்த்தனர். 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயால் அருகிய தொழில், 16ஆம் நூற்றாண்டில் மீண்டும் தழைத்தது. ஓடும் நீர் ஆள்வோரின் உரிமையாயிருந்த காலம் அது. சுரங்கத்தாரை அழைத்துக் குடியேற்ற விரும்பிய கோமகன்மார், அந்நீரைப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு வழங்கினர். இதன் பயனாகப் பெரும்பாலும் 1536க்கும் 1866க்கும் இடையில் 143 குளங்களும், ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வாய்க்கால்களும், 30 கிலோமீற்றர் அளவிலான நீர்ச்சுருங்கைகளும் எழுந்தன.

இவை இயங்கிய முறை யாது? மழைநீரும் பனியுருகு நீரும் குளங்களில் தேக்கப்பட்டன. மலைச்சரிவை ஒட்டி மிக மெல்லிய சாய்வுடன் சென்ற வாய்க்கால்கள் அதனைச் சுரங்கவாயிலுக்குக் கொணர்ந்தன. பாறையைக் குடைந்த அறைகளுள் பெருஞ்சக்கரங்கள் சுழன்றன. மரத்தண்டுகள் அவ்வசைவை ஆழத்திலிருந்த இறைபொறிகளுக்குக் கடத்தின. ஒரு சக்கரத்தைச் சுழற்றிய நீர் வீணாகாது, கீழுள்ள மற்றொன்றையும் சுழற்றியது.

ஆயின், வானம் பொய்த்தால் சக்கரம் நிற்கும். சக்கரம் நின்றால் சுரங்கம் மூழ்கும். சுரங்கம் மூழ்கினால் தொழிலாளரின் இல்லத்தில் அடுப்பெரியாது. இக்குறையை நீக்க முன்வந்தவருள் பேரறிஞர் லைப்னிட்ஸும் ஒருவர். 1679 முதல் 1685 வரை அவர் காற்றாலைகளைக் கொண்டு முயன்றார். பயன்பட்ட நீரைக் காற்றின் வலியால் மீண்டும் குளத்திற்கு ஏற்றலாம் என்பதும் அவர் கண்ட எண்ணம். எண்ணம் உயர்ந்ததே, எனினும் முயற்சி கைகூடவில்லை.

மலைநாட்டார் மேலும் நீரைச் சேமிப்பதிலேயே கருத்தூன்றினர். 1715 முதல் 1722 வரை கருங்கல்லாற் கட்டப்பட்ட ஓடர்குளம், 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜேர்மனியின் மிகப்பெரிய நீர்த்தேக்கமாக விளங்கியது. 1732 முதல் 1734 வரை ஒரு பள்ளத்தின் குறுக்கே கரையெழுப்பி, அதன்மேல் வாய்க்காலைக் கடத்தித் தொலைமலையின் நீரையும் கொணர்ந்தனர்.

நீரைக் கொணர்தல் பணியின் ஒரு பாதி, போக்குதல் மறுபாதி. மலையடிவாரத்தினின்று சுரங்கத்தை நோக்கிக் குடையப்பட்ட வடிகாற்சுருங்கை வழியே நீர் தானே வெளியேறும். அதனை நிலமட்டம்வரை ஏற்றவேண்டுவதில்லை. வடிகால் எவ்வளவு தாழ்கின்றதோ, அவ்வளவிற்கு மேலிருந்து விழும் நீரின் வீழ்ச்சியும் நீள்கின்றது. சக்கரத்தின் ஆற்றலும் மிகுகின்றது. ஆகவே வடிகால் ஒன்றே இருவழியிற் பயன்தந்தது. 1777 முதல் 1799 வரை கேயோர்க் சுருங்கையும், 1851 முதல் 1864 வரை அதனினும் ஆழமான ஏர்ன்ஸ்ட் ஆகுஸ்ட் சுருங்கையும் குடையப்பட்டன.

கிளவுஸ்தால் சுரங்கங்கள் 1930இல் மூடப்பட்டன. பின்னரும் அங்கு விழுந்த நீர் பல்லாண்டுகள் மின்னாற்றலைத் தந்தது. 2010இல் யுனெஸ்கோ இந்நீர்ப்பணிகளை உலகமரபுச் செல்வத்துட் சேர்த்தது.

நேயர்களே, வெள்ளி எடுக்கப்பட்டுத் தீர்ந்தது. அதனை ஈட்டிய கோமகன்மாரின் ஆட்சியும் மறைந்தது. கூலிக்கு மண்சுமந்தோர் கட்டிய குளங்களோ இன்றும் நீர்நிறைந்து நிற்கின்றன. மலையின் செல்வம் அதன் வயிற்றில் மட்டும் இருக்கவில்லை. வீழும் ஒவ்வொரு துளியையும் அளந்து பயன்கொண்ட மக்களின் அறிவிலும் இருந்தது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.