சடவு: ஓய்வின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கொரியாவிலிருந்து ஆங்கிலத்தின் வழியாக நம் கைக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு வகை நாவல்களைப் பற்றி நண்பர்களிடையே இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. 'மனசுக்கு எதமா இருக்குதுங்க' என்பது ஒன்று. 'வேலைய உட்டுப்போட்டுப் புத்தகக் கடை வெக்கறதெல்லாம் வசதியானவன் கனவு, நமக்கெதுக்கு' என்பது மற்றொன்று. இரண்டுமே இப்பிரதிகளை அவற்றின் வரலாற்றிலிருந்து பிய்த்தெடுத்துப் பேசுகின்றன என்று கருதுகிறேன். ஷிப்ட் கணக்கில் பொழுது விடிந்து பொழுது சாயும் அவிநாசி - திருப்பூர் வட்டாரத்திலிருந்து வாசிக்கும்போது இவை வேறொன்றைச் சொல்கின்றன. களைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஓய்வுக்கும் உண்டு.

முதலில் நாவல்கள். கனவுகளை விற்கும் அங்காடி ஒன்றைப் பற்றி லீ மி-யே எழுதியது 2020இல் வந்தது. கிம் ஹோ-யான் 2021இல் எழுதிய, தெருமுனைக் கடையொன்றைப் பற்றிய நாவல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஹ்வாங் போ-ரமின் 2022ஆம் ஆண்டு நாவலில் வேலையையும் மணவாழ்வையும் விட்டு வந்த ஒரு பெண் சியோலின் குடியிருப்புத் தெருவொன்றில் புத்தகக் கடை திறக்கிறாள். பெரிய சம்பவம் எதுவும் நடப்பதில்லை. காபி ஆறுகிறது, யாரோ வருகிறார்கள், கொஞ்சம் பேசுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய சேதி ஒன்றுண்டு. லீ மி-யே சாம்சங்கில் குறைகடத்திப் பொறியாளராக இருந்தவர். ஹ்வாங் போ-ரம் எல்ஜியில் மென்பொருள் பொறியாளராக இருந்தவர். கொரிய ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் உச்சாணிக் கொம்பிலிருந்து இறங்கி வந்தவர்களின் எழுத்து இது. அந்த மரம் எதில் வேர்விட்டு வளர்ந்தது என்பதுதான் நம் கேள்வி.

வேர்களில் ஒன்று தையல் மேஜையில் இருக்கிறது. 1960களில் சியோலின் 'சமாதானச் சந்தை'யில் ஒரே தளத்தைக் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அந்தப் பரண்களில் பதின்வயதுப் பெண்பிள்ளைகள் தினம் 14, 15 மணிநேரம் தைத்தார்கள். தூக்கம் வராமலிருக்க மாத்திரை விழுங்கினார்கள். அங்கே கட்டிங் வேலை பார்த்த ஜொன் தே-இல், 1953இலேயே தன் நாட்டில் தொழிலாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருப்பதையும் அதில் எட்டு மணிநேர வேலை எழுதப்பட்டிருப்பதையும் பின்னால்தான் அறிந்தார். உரிமை இருந்தும் தெரியாமல் இருந்தோமே என்று, 1969இல் தொடங்கிய சங்கத்துக்கு 'முட்டாள்கள் சங்கம்' என்று பெயர் வைத்தார். தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வேலைநேரத்தையும் நோயையும் கணக்கெடுத்தார். மனுக்கள் எதற்கும் பதிலில்லை. 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டப் புத்தகத்தோடு தன்னை எரித்துக்கொண்டார். அப்போது வயது 22. அவர் முன்வைத்த கோரிக்கைகளில் ஞாயிற்றுக்கிழமை விடுப்பும் ஒன்று.

1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற பொய்முடிக் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். போலீஸ் புகுந்தபோது கிம் கியுங்-சூக் என்ற இளம் தொழிலாளி இறந்தார். அதிலிருந்து கிளம்பிய அரசியல் கொந்தளிப்புக்கு நடுவில், இரண்டே மாதத்தில் பார்க் சுங்-ஹீயின் சர்வாதிகாரம் முடிந்தது. அதே காலத்தில் பகலில் ஆலையிலும் இரவில் பள்ளியிலும் இருந்த ஷின் கியுங்-சூக் பின்னாளில் எழுத்தாளராகி, 1995இல் அந்த அறையையும் அந்தத் தூக்கத்தையும் நாவலாக்கினார். ஆக, கொரிய இலக்கியத்தில் களைப்பு முதலில் வர்க்கத்தின் களைப்பாகத்தான் நுழைந்தது. அதற்கு முகவரி இருந்தது, எதிரியும் இருந்தான்.

1997 நிதி நெருக்கடி இதைக் கலைத்துப்போட்டது. ஐ.எம்.எஃப். கடனோடு ஆட்குறைப்பும் தற்காலிக வேலையும் வந்தன. போட்டியில் நிற்பது தனிமனிதக் கடமையானது. கொரியாவில் பிறந்து ஜெர்மனியில் வாழும் பியுங்-சுல் ஹான் 2010இல் எழுதிய 'களைப்புச் சமூகம்' பிறகு கொரியாவிலும் பரவலாக வாசிக்கப்பட்டது. சுரண்டுபவனும் சுரண்டப்படுபவனும் ஒரே ஆள்தான், மனிதன் தன்னைத்தானே விரட்டுகிறான் என்பது அவர் வாதம். அலுவலக மேஜைக்கு இது பொருந்தலாம். தையல் மேஜைக்குப் பொருந்தாது. அங்கே விரட்டுகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆறுதல் நாவல் பிறப்பது இந்த இடப்பெயர்வில்தான். களைப்பு மிச்சமிருக்கிறது, எதிரியின் முகம் அழிந்துவிட்டது. ஆகவே போராட்டத்தின் இடத்தில் கடை வருகிறது.

இனி நம்மூர். 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரிய கம்பெனிகள் சிறு யூனிட்டுகளாகப் பிரிந்தன. காண்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பெருகின. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடியைத் தாண்டியது. இந்த வளர்ச்சியின் அலகு எட்டு மணிநேரம் அல்ல, 'ஒன்றரை ஷிப்ட்' என்ற பன்னிரண்டு மணிநேரம். 'இன்னைக்கு ஒன்றரை' என்று சொல்வதில் முறைப்பாடு இல்லாத அளவுக்கு அது இயல்பாகிவிட்டது. கப்பலுக்குச் சரக்குப் போகும் வாரமென்றால் அதற்கும் மேல்.

முறைப்பாடு ஏன் இல்லை? ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு இதற்கொரு தடயம் தருகிறது. தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் உயர்வுக்குச் சொன்ன ஒரே காரணம் 'உழைப்பு'. சாதியும் நிலமும் கடனும் தந்த வாய்ப்புகள் அந்தச் சொல்லுக்குள் மறைந்துகொள்கின்றன. கொரிய நாவலின் நாயகி வேலையை விட்டால் புத்தகக் கடை வைக்கிறாள். நம்மூர்க் கனவு நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பது, அதாவது இன்னும் அதிகமாகச் சடைவது. இந்தச் சொல்லாடலில் சடவு என்பது தகுதிச் சான்று. எழ முடியாமல் போனவர் சோம்பேறி. நிலமில்லாத தலித் தொழிலாளிக்கும், சுமங்கலித் திட்டத்தில் நூற்பாலை விடுதியில் அடைபட்ட பெண்பிள்ளைக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்கும் எத்தனை ஷிப்ட் பார்த்தாலும் அந்த ஏணி எட்டுவதில்லை. சடவு மட்டும் எல்லோருக்கும் கிடைக்கிறது.

மாத்திரையும் கிடைக்கிறது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைப் பெண் தொழிலாளர்கள் சுமார் 100 பேரிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் 2019இல் வெளியிட்ட செய்தி, மாதவிலக்கு வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டதைச் சொன்னது. படுத்தால் கூலி போகும், ஆகவே விழுங்கு. 1960களின் சியோலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இலக்கியத்துக்கு வருவோம். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் நெசவாளர் பசியை எழுதியது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் திருப்பூரின் சாயத்தண்ணீரை எழுதியது. பசியும் நஞ்சும் நமக்குப் பாடுபொருளாயின. சடவு ஆகவில்லை. நமது முற்போக்குக் கதையாடலும் முதலாளியின் கதையாடலைப் போலவே உழைப்பைப் போற்றியது. வியர்வையைப் பாடினோம், தூக்கத்தை விட்டுவிட்டோம். தோழருக்கு உறக்கம் வரலாமா என்று இயக்கங்களிலும் கேட்டோம்.

கொரிய நாவல்களின் எல்லையும் இதே இடத்தில்தான் தெரிகிறது. யுன் ஜுங்-உன்னின் 2023ஆம் ஆண்டு நாவலில் மனக்கறைகளை வெளுக்கும் சலவைக்கடை ஒன்று வருகிறது. பனியன் ஊர்க்காரனுக்கு உடனே எழும் கேள்வி, வெளுத்த தண்ணீர் எங்கே போகும் என்பதுதான். இங்கே அது நொய்யலுக்குப் போனது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆறுதலுக்கும் கழிவுநீர் உண்டு. ஒருவர் புத்தகக் கடையில் இளைப்பாறும் நேரத்தில் அவர் உடுத்திய சட்டையை யாரோ ஒன்றரை ஷிப்டில் தைத்திருக்கிறார்கள்.

இதனால் அந்நாவல்களைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஓய்வு கேவலமல்ல என்ற ஒரு வாக்கியத்தை அவை வெட்கமில்லாமல் சொல்கின்றன. அதை நாம் சொல்லிப் பழகவில்லை. 2023 மார்ச்சில் கொரிய அரசு வாரத்துக்கு 69 மணிநேரம் வரை வேலை என்ற திட்டத்தை அறிவித்தது. இளைஞர்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே மறுபரிசீலனைக்குப் போனது. அடுத்த மாதம், ஏப்ரல் 21 அன்று, தமிழக சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினக் கொடியேற்றி அன்றோடு சரியாக நூறாண்டு. மசோதா போனது நல்லது. ஆனால் ஒன்றரை ஷிப்ட் மசோதாவைக் கேட்டு வந்ததல்ல, அதனோடு போகவுமில்லை.

அவிநாசிக்கு ஒரு புராணம் உண்டு. முதலை விழுங்கிய பிள்ளையை ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் பாடி மீட்டார், இடைப்பட்ட வயதும் வளர்ச்சியும் குறையாமல் பிள்ளை கரையேறினான் என்பார்கள். ஆறுதல் நாவல் தருவதும் இதே வாக்குறுதிதான், இழந்த ஆண்டுகளை முழுசாகத் திருப்பித் தருவது. முதலைக்குப் பதில் முதல் விழுங்கிய ஆண்டுகள் அப்படித் திரும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கோரிக்கையாக்கிய ஜொன் தே-இல்லுக்கு இது தெரிந்திருந்தது. நம் எழுத்தாளர்களிடமும் தொழிற்சங்கத் தோழர்களிடமும் நான் கேட்பது இதுதான்: கூலிக் கணக்கோடு சடவின் கணக்கையும் எழுதுங்கள். தூங்காத இரவுகளுக்கும் பதிவேடு வேண்டும்.